பெட்டியை மூன்று தரம் தட்டுகிறவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. வாசிகசாலைக் கொப்பியில்கூடப் பெயர் போடாமல், கையெழுத்து மாதிரி ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் பேப்பர் வாசிக்க உட்காருகிறவர். "பேர் கேக்கிறவன் என்னத்துக்குக் கேக்கான் எண்டு முதல்ல சொல்லட்டும்" என்பார். கேட்டவன் வாசிகசாலைப் பொறுப்பாளர். இருபது வருடமாக அவரைத் தெரிந்தவர்.

எனக்கு அவர் சகலன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்ணின் பேரில். ஆக, ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில், வெளியிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு ஆண்களாக நாங்கள் இருந்தோம். அவர் எனக்கு ஒன்பது வருடம் முன்னால் வந்தவர். அந்த ஒன்பது வருடத்தை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, என்னை மறக்கவிட்டதும் இல்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது.

கல்யாணப் பேச்சு நடந்தபோதே தொடங்கிவிட்டார். நான் கட்டாரில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தேன். பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் பலகாரம் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நீங்க இருந்த கேம்புக்கு முன்னால என்ன கடை?"

"ரொட்டிக் கடை அண்ணன்."

"ம்" என்றார். அவ்வளவுதான். கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கும்போது என் காதுக்குள் குனிந்தார். "வெல்லாவெளியில ஒரு பொடியன் அதே கேம்புல இருந்தவனாம். விசாரிச்சன். ரொட்டிக் கடை இல்ல, சலூனாம்." நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "பயப்பிடாத. முன்னம் ரொட்டிக் கடைதானாம், மறுகாத்தான் சலூன் வந்ததாம். நீ சொன்னது சரி, சாப்பிடு."

இப்படித்தான் அவர் என்னைக் குடும்பத்துக்குள் ஏற்றுக்கொண்டார்.

எதையும் தொடுமுன் மூன்று தரம் தட்டுவார். காஸ் சிலிண்டர் வந்தால் மூன்று தட்டு, பிறகு சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று அரை மணித்தியாலம் குந்தியிருப்பார். முட்டையைத் தட்டுவார், இளநீரைத் தட்டுவார், புது வாளியைத் தட்டுவார். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், எங்கள் படலையடியில் நிற்கவே தயங்குவார். ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, வயிற்றைத் தட்டி, கடைசியில் "வாவி மீன் எண்டு சொல்றீங்க, கடல் மீன் மாதிரி இருக்கே" என்பார் இவர். ஒரு நாள் காக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: "நீங்க மீன் வாங்கிறீங்களா, பிரேதப் பரிசோதனை செய்றீங்களா?" இவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்டுதானே" என்றார்.

சண்டைக் காலத்தைக் கண்டவர், அதனால்தான் இப்படி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் அந்த விளக்கம் வசதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவரிடமே சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "சண்டை எல்லாருக்கும்தான் வந்தது. நான் நாலு வயசுலயே இப்பிடித்தான். அம்மா பால் தந்தா முதல்ல அவ குடிச்சுக் காட்டணும்." பெருமையாகச் சொன்னார்.

இந்தக் குணத்துக்காகவே ஊர் அவரை வட்டைவிதானை ஆக்கியது. வட்டை என்றால் வயற்பரப்பு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வட்டையில், எந்த நாள் எவருக்குத் தண்ணீர் என்று முறை வைத்து, வாய்க்கால் பலகைகளை ஏற்றி இறக்குவது விதானையின் வேலை. கமக்காரர்கள் கூட்டம் கூடித் தெரிவு செய்வார்கள். சிறுபோகத்தில் குளம் வற்றும் காலத்தில் அண்ணன் தம்பியே வாய்க்காலடியில் மண்வெட்டியோடு நிற்பான். அந்த நேரத்தில் ஒருவரையும் நம்பாத ஒரு ஆள் தேவை. இவர் பலகையை இறக்கிவிட்டு, பலகைக்கும் கட்டுக்கும் இடையில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் தன் பெருவிரலை அழுத்தி அடையாளம் வைப்பார். யாராவது பலகையை அசைத்தால் ரேகை உடைந்துவிடும். பக்கத்து வட்டைக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் வட்டையில் சிரிப்பதில்லை.

இனி அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கட்டாரிலிருந்து வரும்போது கையடக்கமான ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரல்களால் விளையாடுவது. அதில் ஒரேயொரு விளையாட்டுதான் உருப்படியாக இருந்தது. ஒரு பாழடைந்த கோட்டைக்குக் கீழே தட்டுத் தட்டாக நிலவறை. எங்கள் ஆள் வாளோடு இறங்குவான். பூதம், எலும்புக்கூடு, சிலந்தி எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு, கிடைத்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படியைக் கண்டுபிடித்து அடுத்த தட்டுக்கு இறங்கவேண்டும். செத்தால் பைக்குள் இருந்ததெல்லாம் போய்விடும். மின்வெட்டு நாட்களில் மத்தியானப் புழுக்கத்தில் வேறு என்ன செய்வது? விறாந்தையில் படுத்துக்கொண்டு விளையாடுவேன்.

இவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் வந்தார்.

"இதுக்குள்ள கமெரா இருக்கா?"

"இல்ல அண்ணன். சும்மா ஒரு கேம்."

"சும்மா எண்டு ஒண்டும் இல்ல. நாம கதைக்கிறது இதுக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"அப்ப இந்தச் சின்ன ஓட்டை என்னத்துக்கு?"

அது சத்தம் வெளியே வருகிற ஓட்டை. சொன்னேன். அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்டர் துண்டொன்று கொண்டுவந்து அந்த ஓட்டையை ஒட்டி மூடிவிட்டுத்தான் பெட்டியைக் கையில் எடுத்தார். விளையாட்டுத் தொடங்குமுன் ஆளுக்குப் பெயர் கேட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா, பேர் கேக்கான்." பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி வைத்தார். அந்த விளையாட்டில் கடைசிவரை அவருடைய வீரனின் பெயர் ஒரு புள்ளிதான்.

ஒரு கிழமைக்குள் ஆள் விழுந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பெட்டி அவருடையது. எங்கே நிறுத்தினோம் என்பதைத் திகதி, நேரத்தோடு பெட்டி பதிந்து வைக்கும்; எனக்கு ஒரு பதிவு, அவருக்கு ஒரு பதிவு. தண்ணீர் முறை எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் "நல்லம்", மறுபக்கம் "கூடாது" என்று எழுதி வைத்து, அந்த விளையாட்டைப் பரிசோதிக்கத் தொடங்கினார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் யாராவது ஒரு விளையாட்டைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டால், அந்தக் கொப்பி அளவுக்கு நேர்மையாக ஒருவரும் கதைப்பதில்லை என்றே தோன்றுகிறது.

நல்லம் பக்கத்தில் முதலாவது: ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் நிலவறையின் அறைகள் இடம் மாறியிருக்கும். "போன தரம் வந்த பாதை எண்டு நம்பி ஓடினவன் செத்தான். அப்பிடித்தான் இருக்கணும்." இரண்டாவது, வெட்டின் பாரம். சின்னக் கத்தி வேகமாக விழும், கோடரி மெதுவாக விழும், ஆனால் விழுந்தால் விழுந்ததுதான். விரலுக்கு அது தெரியும் என்பார். அது உண்மை. மூன்றாவது, வீட்டுப் பெட்டகத்தில் வைத்த சாமான் செத்தாலும் போகாது. "வீட்டுல வெச்சது வீட்டுல. அது நீதி."

கூடாது பக்கம் நீளமானது. எழுத்து பொடி, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. சுவரடியில் சண்டை பிடித்தால் பார்வை சுவருக்குப் பின்னால் போய்விடும், யார் அடிக்கிறான் என்று தெரியாது. ஒரே பூதத்துக்கு மூன்று நிறம் பூசி மூன்று பூதம் என்று ஏமாற்றுகிறான். பை சின்னது. கதை விசர்க் கதை: "ராசா ஒருத்தன், முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு என்ர கோட்டைக்குக் கீழ போய்ப் பார் எண்டு திறப்பைக் குடுக்கான். இவன் ராசாவா?" சத்தம் காணாது என்றும் எழுதியிருந்தார். ஓட்டையைப் பிளாஸ்டர் போட்டு மூடியவர் அவர்தான். அதைச் சொன்னேன். "மூடினாலும் கேக்கிற மாதிரிச் செய்திருக்கணும்" என்றார்.

விளையாட்டுக்குள் துணைக்கு ஒரு ஆள் கூட வருவான், அவனும் சண்டை பிடிப்பான். இவர் அவனை ஒரு நாளும் பின்னால் வரவிடமாட்டார். அவனை முன்னால் விட்டுவிட்டுத்தான் நடப்பார். துணையாளுக்கு மூளை குறைவு, மூலைக்குள் சிக்கி நின்றுகொண்டு சுவரை வெட்டுவான். அப்படி நின்றால் இவர் பூதத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார், நடிக்கிறானோ என்று.

பெட்டிகள் விடயம்தான் பெரிது. நிலவறையில் ஆங்காங்கே மரப்பெட்டிகள் இருக்கும், திறந்தால் மருந்து, கவசம் என்று ஏதாவது வரும். இவர் வாளால் மூன்று தட்டுத் தட்டாமல் ஒரு பெட்டியையும் திறக்கமாட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அண்ணன், இது கேம். பெட்டியெண்டா திறக்கத்தான்." அவர் தட்டிக்கொண்டே போனார். நிலவறையின் ஐந்தாம் தட்டில் ஒரு பெட்டி, மூன்றாம் அடிக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு எழும்பியது. பெட்டி வேடம் போட்ட பூதம். நான் அதே தட்டில் இரண்டு தரம் செத்திருந்தேன், எதனால் என்று தெரியாமலே. அவர் விளையாட்டுப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு ஒரு வீட்டில் சாப்பிட முடியவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு கடைக்காரன் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் புதுச் சாமான் போடுவான். பெட்டியின் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அவனுக்கு நாள் தெரியும். ஆங்கில வருடப் பிறப்பன்று, அதாவது நாங்கள் தை என்று சொல்லும் ஜனவரி முதலாம் திகதி மட்டும் ஒரு வெள்ளி வாள் கொண்டுவருவான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பெட்டியின் மணிக்கூட்டைத் திருப்பி, தை முதலாம் திகதி ஆக்கி, வாளை வாங்கிக்கொண்டு, திரும்பச் சரியாக்கிவிட்டேன். விளையாடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இவரிடம் சொல்லவில்லை.

"இந்த வாள் எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"போன தையில வாங்கினது அண்ணன்."

"பங்குனியில நீ ஏழாம் தட்டுல நிண்டாய். அப்ப இது உன்ர கையில இல்ல."

"பெட்டகத்துல வெச்சிருந்தன்."

"ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பழக்கமான "ம்". அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த வருடச் சிறுபோகம்தான் நான் முதல் முதலாக வேளாண்மை செய்தது. மனைவியின் பேரிலிருந்த இரண்டு ஏக்கர், கிளை வாய்க்காலின் கடைசியில். குளத்தில் தண்ணீர் குறைவு. நான் மூன்று வருடம் வெளிநாட்டில் கிடந்தவன், எனக்கு வேளாண்மை வராது என்று மாமனார் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாததுதான் குத்தியது. பயிர் குடலையில் நின்றது. கதிர் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, இந்தப் பருவத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது பதர். நிலம் கை போகிற அளவுக்கு வெடித்துவிட்டது. என் முறை வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. பக்கத்துக் கிளை வாய்க்காலில் அன்றைக்கு முறை, அங்கே வரம்புக்கு மேலால் தண்ணீர் வழிகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி, வெயிலுக்கு ஒரு குருவியும் இல்லை. எங்கள் கிளையின் பலகையைத் தூக்கியது நான்தான். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே திறந்துவிட்டு, திரும்ப இறக்கிவிட்டு, களியை அப்பி, என் பெருவிரலை அழுத்திவிட்டு வந்தேன். என் மூளை! அவருக்குத் தன் ரேகை தெரியாதா?

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கிளையில் நாங்கள் நாலு பேர். நாலு பேருடைய வயலும் நனைந்திருக்கும். மற்ற மூன்று பேரும் எங்கே நின்றார்கள் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். என் மனைவிக்கு நகரத்தில் ஒரு கடையில் வேலை, பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து சேர ஆறு மணியாகும். எனக்கு ஆள் இல்லை. தண்ணீர் களவு பிடிபட்டால் இரண்டு முறை தண்ணீர் கிடையாது என்பது வட்டையின் கட்டுப்பாடு. இரண்டு முறை போனால் இரண்டு ஏக்கரும் வைக்கோல்தான்.

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. மணிக்கூட்டை மூன்று மணி பத்துக்குத் திருப்பினேன். விளையாட்டைத் திறந்து பதிவு செய்தேன். திகதியும் நேரமும் பதிவில் விழுந்தது. மணிக்கூட்டைத் திரும்பச் சரியாக்கினேன்.

அடுத்த நாள் காலை வந்தார். படலையைத் திறந்து, முற்றத்தில் நின்றே கேட்டார்.

"நேற்று ரெண்டு மணிக்கு அடையாளம் இருந்தது. நாலு மணிக்கு வேற விரல். நீ எங்க நிண்டாய்?"

"இஞ்சதான் அண்ணன். கேம் விளையாடினன்."

"ஆர் கண்டது?"

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். பதிவைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், இறக்கிவிட்டுப் பார்த்தார். அவர் அடிக்கடி சொல்வது எனக்குத் தெரியும்: இந்த விளையாட்டில் பெரிய நல்லம், எப்போது நிறுத்தினாயோ அதை மறைக்காமல் எழுதிவைக்கும், மனுசரை விட அது திறம் என்பார். அதை நம்பித்தான் நான் செய்தேன்.

"இது இண்டைக்கு எனக்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பகல் முழுவதும் நான் சாப்பிடவில்லை. மறுநாள் விடிய, தண்ணீர் களவை விசாரிக்கிற கூட்டத்துக்குப் போகுமுன், பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மணிக்கூடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சரியாக இருந்தது. விளையாட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோயில் மடத்தில் கூட்டம். நாலு பேரில் என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். வயதான கமக்காரர் ஒருவர் எழும்பினார். "கதை வேணாம். கற்பூரம் கொளுத்தி அம்மாளுக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும்." களவெடுத்தது வேறு, அம்மாளுக்கு முன்னால் பொய் சொல்வது வேறு.

இவர் எழும்பினார். "கற்பூரம் தேவையில்ல. தம்பி வீட்டுல நிண்டவன், நான் விசாரிச்சுட்டன். இவனில சந்தேகப்பட்டது என்ர பிழை." சாரத்தை இறுக்கிக் கட்டினார். "ஒருத்தரும் களவெடுக்கல்ல. பலகையை நான் சரியா இறக்கல்ல. அடையாளத்தையும் நான்தான் அவசரத்துல பிழையா வெச்சிருக்கன். விதானை வேலையும் எனக்கு இனி வேணாம்."

எதையும் மூன்று தரம் தட்டிப் பார்க்கிற மனிதர், பலகையைச் சரியாக இறக்கவில்லை என்கிறார். அத்தனை பேர் இருந்த மடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டக் கொப்பியில் அவருடைய பெயரை எழுதி, அதற்கு நேரே "கவனயீனம்" என்று எழுதினார்கள். தன் பெயரை எங்கும் எழுதவிடாதவர், பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்கிறேன். ஏமாற்றிவிட்டேன் என்று தோன்றியது. பெரிய சந்தேகக்காரர், ஒரு விளையாட்டுப் பெட்டியிடம் தோற்றுப்போனார் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் அதைப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அந்தப் போகம் எனக்கு நன்றாக விளைந்தது. அவருக்கு ஊரில் "பலகை மறந்தவர்" என்று பெயர் விழுந்தது. தேத்தண்ணிக் கடையில் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் பகிடி பண்ணுவார்கள். "அண்ணன், வீட்டுக் கதவைச் சாத்தினீங்களா?" என்பார்கள். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மூன்று தரம் தட்டிவிட்டுக் குடிப்பார்.

போன மாரியில் நெஞ்சு நோவென்று படுத்தார். ஆசுபத்திரியில் தந்த குளிசைகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார். மூன்று கிழமையில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் முடிந்து, பந்தல் கழற்றிய அன்று பின்னேரம், மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி. கையில் அந்தத் தண்ணீர் முறைக் கொப்பி.

"மச்சான், அவர் விளையாடின அந்தச் சாமான் இருக்கா? இந்தக் கொப்பியில என்னமோ எழுதி வெச்சிருக்காரு. அவர்ட ஆளை ஒருக்காப் பாக்கணும் போல இருக்கு."

கொப்பியை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினேன். எல்லாம் எனக்குத் தெரிந்த வரிகள். எழுத்து பொடி, பை சின்னது, ராசா விசர். கூடாது பக்கத்தில் கடைசியாக, நான் முன்பு பார்க்காத ஒரு வரி இருந்தது.

"நேரத்தை மாத்தினாலும் நம்பும்."

அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துச் சார்ஜில் போட்டேன். பற்றரி செத்துக் கிடந்து எழும்பியதில் பெட்டியின் மணிக்கூடு எங்கோ ஒரு பழைய வருடத்தில் நின்றது. பதிவுகள் அப்படியே இருந்தன. இரண்டு. ஒன்று என்னுடையது, செவ்வாய்க்கிழமை மூன்று மணி பத்து. மற்றது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு நேரே இருந்த திகதி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த வருடத்துத் தை முதலாம் திகதி.

திறந்தேன். கடைக்காரனுக்கு முன்னால் அவருடைய வீரன் நின்றான். கையில் வெள்ளி வாள்.

"வாள் வடிவா இருக்கு" என்றார் மச்சாள். பிறகு திகதியைக் கேட்டார், சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார். "புது வருசத்தண்டா? அண்டைக்கு நாங்க எல்லாரும் கோயிலுக்குப் போனமே. இவர் எங்க இதை விளையாடினாரு?"

விளையாடியிருக்க முடியாது. அந்தப் புது வருடம் வந்தபோது பெட்டி ஆறேழு மாதமாக என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அவர் அதைத் தொட்ட கடைசி நாள், கூட்டத்துக்கு முதல் நாள். அன்றைக்கு உட்கார்ந்து, நான் வாள் வாங்கிய வழியைத் தேடிப் பிடித்து, தானும் அதே வழியால் வாங்கிப் பார்த்து, மணிக்கூட்டைப் பழையபடி வைத்து, எல்லாம் தெரிந்துகொண்டுதான் மடத்துக்கு வந்திருக்கிறார். என் சத்தியத்தைத் தடுத்ததும் தெரிந்துதான். பலகையைத் தன் தலையில் போட்டுக்கொண்டதும் தெரிந்துதான். என்னில் பிழையாகச் சந்தேகப்பட்ட வெட்கத்தில் வேலையை விட்டார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கூட்டத்தில் பொய் சொன்னவன் இனி விதானையாக இருக்கக்கூடாது என்றுதான் விட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, களி, பெருவிரல், மூன்று மணி பத்து.

மச்சாள் அழவில்லை. கொப்பியை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"எனக்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார். "அவர் பிழை எண்டு ஒத்துக்கிட்டது கூட்டத்துல."

எழும்பிப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சிறுபோகத்துக்குப் புது விதானை தெரிவு செய்ய வருகிற வெள்ளிக்கிழமை மடத்தில் கூட்டம். என்னை நிற்கச் சொல்லி ஏற்கெனவே மூன்று பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், வயற்காரன், படித்தவன், நம்பலாம் என்று. போகத்தான் போகிறேன். பழைய கூட்டக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதாத அவருடைய பெயரை அங்கே எல்லாருக்கும் கேட்க வாசித்துவிட்டு, அதை வெட்டி, அந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லுவேன். கற்பூரமும் கொண்டுபோகிறேன்.